நான்கு உறைகள்

மே 18, ஞாயிறு

வான்மதிக்குப் போட்டிருந்த ஓராண்டுத் தடை நேற்றோடு முடிந்தது. இன்று காலை ஒன்பது மணிக்குள் சென்னைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. பட்டியலில் நான் 61. அவள் 388.

நாங்கள் ஆடும் அட்டைக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் கடைக்காரர் சிராஜ் அண்ணன், வான்மதி திரும்ப வருகிறாள், எல்லோரும் வரவேற்போம் என்று போட்டார். யாரும் வரவேற்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கிஷோர் மட்டும், "புது ஸ்லீவா, பழைய ஸ்லீவா?" என்று கேட்டான். பதினாறு பேர் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அதற்குள் அவள் பார்த்திருக்க மாட்டாள்.

சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. அம்மா தனியாகப் போய்வந்தாள். வரும் வழியில் படி தெரியாமல் தடுமாறினாளாம். கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட முடியாது.

மே 19, திங்கள்

ஜூன் 13க்கு விடுப்பு கேட்டேன். ஸ்கேன் சென்டரில் என்னோடு எக்ஸ்ரே எடுக்கும் ராஜாத்தி, எதற்கு என்று கேட்டாள். அட்டை விளையாட்டுப் போட்டி என்றேன். சீட்டாட்டமா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் இதை இன்னும் எத்தனை பேருக்கு விளக்க வேண்டுமோ.

விளக்கினேன். இதன் பெயர் 'ஏழு மதில்'. கடையில் விற்கும் ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து ஐம்பதை நாமே தேர்ந்தெடுத்து ஒரு கட்டு சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஏழு மதில். எதிராளியின் மதில்களை முதலில் உடைத்து முடிப்பவர் ஜெயித்தவர். ஒவ்வொரு அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருப்போம். அதைத்தான் ஸ்லீவ் என்கிறோம். எல்லா உறையும் முதுகுப் பக்கம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் சின்னக் கீறல் இருந்தால்கூட, அடுத்து வரப்போவது எந்த அட்டை என்று தெரிந்துவிடும். அது மோசடி. வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு ராஜாத்தி, கல்யாணம் ஆகியிருந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்றாள். அடுத்த நோயாளியை நானே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். முழங்கால், இரண்டு கோணம்.

மே 22, வியாழன்

சிலிண்டர் வந்தது. இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆடினேன். ஜெயித்ததும் நான்தான், தோற்றதும் நான்தான்.

மே 25, ஞாயிறு

கடைக்குப் போனேன். தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, ஐந்து மேசை, இரண்டு மின்விசிறி. வான்மதி ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். மின்வாரிய அலுவலகத்திலிருந்து நேராக வருபவள் போல ஞாயிற்றுக்கிழமையிலும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்ற மறந்துவிடுவது அவள் வழக்கம்.

இந்தக் கடைக்குத் தொடர்ந்து வரும் பெண்கள் நாங்கள் இருவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன் நான் முதல்முறை படியேறியபோது, யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். அதற்கு முந்தின வாரம் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தான். அதைச் சொல்லிச் சிரித்துத்தான் நாங்கள் பழகினோம். அப்புறம் நான்கு வருஷம், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில். அம்மா வைக்கும் மீன்குழம்பை என் தட்டிலிருந்தே தொட்டுத் தின்பாள்.

இன்று என் மேசைக்கு வந்து, "இந்த நாற்காலி உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

உங்களுக்கு.

வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டு போனாள்.

சிராஜ் அண்ணன் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டு, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பயிற்சி எடுத்தால் திருச்சியிலிருந்து ரெண்டு பேருமே கடைசி எட்டுக்குப் போவீங்கம்மா என்று கெஞ்சுவது போலச் சொன்னார். எனக்கு யாரும் தேவையில்லை என்றேன்.

பின்னால் யாரும் திரித்துப் பேசக் கூடாது என்பதற்காக, போன வருஷம் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். சென்னைப் போட்டி, இரண்டாம் நாள், கடைசிச் சுற்று. ஒரே எண்ணிக்கையில் ஜெயித்தவர்களை ஜோடி சேர்ப்பார்கள். எனக்கு வான்மதி விழுந்தாள். ஜெயிப்பவர் கடைசி எட்டுப் பேரில். ஆட்டத்தின் நடுவில், அவள் கட்டின் மேல் இருந்த உறையைக் கவனித்தேன். இடது மூலையில் நகம் பட்டது போல ஒரு மடிப்பு. நடுவரைக் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டியது ஆட்டக்காரரின் கடமை என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவர்கள் ஐம்பதையும் பிரித்துப் பார்த்தார்கள். நான்கில் மட்டும் மடிப்பு. நான்கும் ஒரே அட்டை. அவள் கட்டிலேயே வலுவான 'பீரங்கி'.

தலைமை நடுவர் பிந்து மேனன் என்னைத் தனியாக அழைத்து, நீங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கித்தானே தயார் செய்தீர்கள், இந்த மடிப்பு எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அவ்வளவுதான். நான் அவளை மோசடிக்காரி என்று சொல்லவில்லை. சொன்னது அவர்கள்.

மே 29, வியாழன்

அம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இருபது நிமிஷம். மூன்று வகைச் சொட்டு மருந்து, ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டு, வான்மதி ஏன் வருவதே இல்லை என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். ஒரு வருஷமாக இதே பதில்தான். அப்புறம், நீ சர்ச்சில் பாவத்தைச் சொல்லி ஒப்புரவு செய்து எவ்வளவு நாளாகிறது என்றாள். கண் தெரியாத நேரத்தில்தான் இவளுக்கு எல்லாம் தெரிகிறது. எரிச்சலாக இருந்தது. தலையை அசைக்காதே என்று அதட்டினேன்.

ஜூன் 1, ஞாயிறு

புது உறை வாங்கி ஐம்பது அட்டையையும் போட்டேன். கறுப்பு. போன வருஷமும் கறுப்புதான். ஒரே நாளில் இரண்டு பாக்கெட் வாங்கி, ஆளுக்கொன்றாக, லாட்ஜ் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து போட்டோம். எங்களுக்கு ஒரு வழக்கம். சின்ன அட்டையில் தொடங்கி வலுவான அட்டையில் முடிப்போம். அதனால் பாக்கெட்டின் அடியில் இருக்கும் உறைகள் வலுவான அட்டைகளுக்குப் போகும்.

பாக்கெட்டின் அடி சில சமயம் நசுங்கியிருக்கும். மறுநாள் காலை என்னுடையதில் நான்கைந்தை மாற்றினேன். எல்லோரும் மாற்றுவார்கள். இதில் எழுத ஒன்றுமில்லை.

அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் கிளம்ப நேரமாகிவிட்டது. ஆட்டோ காத்திருந்தது.

சொட்டு மருந்துக்கு மணி அடிக்கிறது.

ஜூன் 7, சனி

கடையில் ஒத்திகைப் போட்டி. இருபத்திரண்டு பேர். நான் கிஷோரைத் தோற்கடித்தேன். உனக்கு அட்டை நல்லா விழுந்துச்சு என்றான். அவனுக்கு விழும்போது மட்டும் அது திறமை.

வான்மதி ஆறு சுற்று ஆடினாள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எதிரில் உட்கார்ந்தவன் அவள் கட்டை வாங்கி, ஒவ்வோர் அட்டையாக டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒருவன் மூலைகளை விரலால் தடவிக்கூடப் பார்த்தான். ஆறு பேர், ஐம்பது ஐம்பதாக முந்நூறு அட்டை. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கச் சகிக்கவில்லை. அவள்மேல்தான் கோபம் வந்தது. எழுந்து போக வேண்டியதுதானே. இவ்வளவுக்குப் பிறகும் என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கிறது.

அந்த ஆறு பேரில் நான் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

லால்குடியிலிருந்து சித்தி வந்து அம்மாவோடு இருக்கிறாள். எந்த மருந்து எத்தனை மணிக்கு, வலது கண்ணில் மட்டும் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ரயிலில் வான்மதியும் அதே பெட்டி. நான் 34, அவள் மூன்று வரிசை தள்ளி. கைக்குழந்தையோடு ஒரு பெண், குடும்பத்தோடு சேர்ந்து உட்கார வேண்டும், நீங்கள் 35க்கு மாறிக்கொள்கிறீர்களா என்று வான்மதியிடம் கேட்டாள். 35 என் பக்கத்து இருக்கை. வான்மதி திரும்பி என்னைப் பார்த்தாள். முடியாது என்றாள். அந்தப் பெண்ணின் மாமியார் விழுப்புரம்வரை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனிதாபிமானமே இல்லை என்று திட்டிக்கொண்டே வந்தார். வான்மதி காதில் வாங்கவேயில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

லாட்ஜில் தனி அறை எடுத்திருக்கிறேன். குழாயில் உப்புத் தண்ணீர்.

ஜூன் 14, சனி

412 பேர். எண்ணிப் பார்த்தேன், பெண்கள் ஏழு. ஒன்பது சுற்று.

இரண்டாம் சுற்றில் பெங்களூர்க்காரன் ஒருவன் என்னைப் பார்த்ததும் பக்கத்து மேசை நண்பனிடம், எனக்கு இந்தச் சுற்று ஓய்வு என்று ஆங்கிலத்தில் சொன்னான். பன்னிரண்டு நிமிஷத்தில் அவன் ஏழு மதிலும் கீழே. கை குலுக்க நீட்டினான். என் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் சுற்றில் தோற்றேன். எட்டாம் சுற்றிலும். ஏழு வெற்றி, இரண்டு தோல்வி. முதல் 64 பேருக்குள் வந்துவிட்டேன், நாளைக்கும் ஆட்டம் உண்டு.

வான்மதியும் ஏழு, இரண்டு. கூடத்தில் அவளை யாரும் மறக்கவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நடுவர் நின்றுகொண்டிருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தால்கூடப் பார்த்தார்கள்.

எனக்கு மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

இன்று ஐந்து சுற்று. நான்கு முடிந்தபோது எனக்குப் பத்து வெற்றி, மூன்று தோல்வி. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கடைசி எட்டு. திரையில் ஜோடிப் பட்டியல் வந்தது. நான்காம் மேசையில் என் பெயரும் அவள் பெயரும்: ஜெசிந்தா, வான்மதி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிஷோராக இருக்கும். திருச்சியிலிருந்து வந்த ஐந்தாறு பேரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள்.

நான் உட்காரும் முன்பே வான்மதி நடுவரைக் கூப்பிட்டிருந்தாள். "எங்க ரெண்டு பேர் கட்டையும் செக் பண்ணிடுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே" என்றாள். பார்த்தார்கள். இரண்டும் சுத்தம்.

மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிப்பவர் வென்றவர். முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவது அவளுக்கு. அவள் நான்கு வருஷம் என்னோடு ஆடியவள், நான் எதைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் போடாமல் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் அவளைத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை மதில் மீதி என்பதைக்கூட விரலால் காட்டினாள்.

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு மூன்று மதில், அவளுக்கு மூன்று மதில். என் முறை. கட்டிலிருந்து ஓர் அட்டை எடுத்தேன். கைக்கு வந்தபோது இரண்டு இருந்தது. புது உறை, கூடத்து ஏசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கூடுதல் அட்டை எடுப்பது குற்றம். தெரியாமல் நடந்தால் எச்சரிக்கை, ஆட்டம் தொடரும். தெரிந்து செய்தால் வெளியேற்றம், தடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடுவரின் அபிப்பிராயம் மட்டும்தான்.

நான் உடனே சொல்லவில்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி இருக்கலாம். நிமிர்ந்தபோது அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள்.

விஷயம் பெரியது என்பதால் அந்த நடுவர் பிந்து மேனனை அழைத்துவந்தார். போன வருஷம் வந்த அதே பிந்து மேனன். எங்கள் இருவரையும் அவருக்கு ஞாபகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. என் கையிலிருந்த அட்டைகளை எண்ணினார். பிறகு வான்மதியைத் தள்ளிக் கூட்டிப்போகாமல் அங்கேயே, என் எதிரிலேயே கேட்டார்.

"இது வேணும்னே எடுத்ததா? உங்களுக்கு என்ன தோணுது?"

வான்மதி அவசரப்படவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இல்ல மேடம். ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. புது ஸ்லீவ் அப்படித்தான். எடுக்கும்போது இவங்க கட்டையே பாக்கல, என் மதிலப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் கவனிச்சேன்."

உறுதியாகச் சொல்கிறீர்களா என்று பிந்து மேனன் கேட்டார். உறுதியாகத்தான் என்றாள்.

எச்சரிக்கை எழுதினார்கள். கூடுதல் அட்டையைக் கட்டுக்குள் கலந்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. நான்கு முறைக்குப் பிறகு நான் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. சரியாக ஆடினேன், அவ்வளவுதான்.

அவள் முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். கயிற்றுப் பக்கம் இருந்தவர்கள் கலைந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நடந்ததச் சொன்னேன். உனக்காகச் சொல்லல."

ஒரு வருஷம் ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னை 'நீ' என்கிறாள். அட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, சத்தம் கூட்டாமல் பேசினாள்.

"போன வருஷம் காலைல நீ ஸ்லீவ் மாத்துனத நான் பாத்தேன். பாத்ரூம் கதவு சரியா சாத்தாது. கண்ணாடில தெரிஞ்சுச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. என்னோடதயும் பாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு நாள்ல எங்கூட பதிமூணு பேர் ஆடுனாங்க. ஒருத்தர் கண்ணுலயும் படாத மடிப்பு உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு? எங்க பாக்கணும்னு உனக்குத் தெரியும்."

இதை ஏன் அப்போதே பிந்து மேனனிடம் சொல்லவில்லை என்றேன்.

"மாட்டிக்கிட்டவ அடுத்தவமேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. உன்னக் கேப்பாங்க. நீ தெரியாதும்ப."

பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

கால் இறுதிக்கு நாற்பது நிமிஷம் இடைவேளை. பெண்கள் கழிப்பறையில் யாருமே இல்லை. இவ்வளவு பெரிய கூடத்தில் எப்போது போனாலும் அது காலியாகத்தான் இருக்கிறது. கழுவுமிடத்தில் சாய்ந்து நின்றேன். போன வருஷமும் இதே இடத்தில் நின்றேன். அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு போய்க் கால் இறுதி ஆடி, ஜெயித்து, நான்காவதாக வந்தேன்.

இன்று பிந்து மேனனைத் தேடிக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் மாற்ற வேண்டும் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "இத எழுதிக் கொடுங்க" என்று ஒரு வெள்ளைத்தாள் கட்டையும் பேனாவையும் தள்ளினார். ஒன்றே முக்கால் பக்கம். என்ன எழுதினேன் என்பது அதில் இருக்கிறது.

நான் விலகிக்கொண்டால் என் இடம் வான்மதிக்குப் போகுமா என்று கேட்டேன். போகாது, அவர் பதினோராவது, ஒன்பதாவது இருப்பது ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒருவர் என்றார். இது ஒழுங்குக் குழுவுக்குப் போகும், முடிவு வரும்வரை இன்றைய ஆட்டத்துக்குத் தடையில்லை, ஆடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம் என்றார். கோபமாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்து உறையில் வைத்து, என் முன்னாலேயே ஒட்டினார்.

ஆடினேன். நேராக இரண்டு ஆட்டமும் தோற்றேன்.

ஜூன் 16, திங்கள்

வீட்டுக்கு வந்தேன். சித்தி இரண்டு கண்ணிலும் மருந்து போட்டிருக்கிறாள். டாக்டருக்குப் போன் செய்தேன், பரவாயில்லை என்றார்.

ஜூன் 30, திங்கள்

மெயில் வந்தது. வான்மதிமேல் இருந்த மோசடிக் குற்றச்சாட்டு நீக்கம், ஒழுங்குக் குழுவின் வருத்தம். என் போன வருஷத்து நான்காம் இடம் ரத்து. எனக்கு இரண்டு ஆண்டு தடை.

சிராஜ் அண்ணன் போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், அப்புறம் வைத்துவிட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் கிஷோர், "நான் அப்பவே சொன்னேன், வான்மதி அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு" என்று எழுதியிருந்தான். இருபத்தொன்பது இதயம். படித்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதுவும் கிஷோர்தான்.

ஸ்கேன் சென்டரில் ஏசி ரிப்பேர்.

ஜூலை 6, ஞாயிறு

கடையிலிருந்து இரவல் வாங்கியிருந்த அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சிராஜ் அண்ணன் வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்க்கவில்லை.

வான்மதி இருந்தாள். அவளைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டான், ஒருவன் சமோசா வாங்கி வந்து நீட்டினான், கிஷோர் அவளிடம் தன் கட்டைக் காட்டி யோசனை கேட்டான். போன மாதம் அவள் உறைகளை விரலால் தடவிப் பார்த்தவன் இப்போது அவளுக்கு மின்விசிறியைத் திருப்பிவிட்டான். அவள் சமோசாவைத் தொடவில்லை. ஐந்து நிமிஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

படியில் எனக்குப் பின்னால் இறங்கி வந்தாள். ஒதுங்கி வழி விட்டேன். போகவில்லை. நான், மெயில் வந்ததா என்று கேட்டேன். கேட்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

"வந்துச்சு. எனக்கு ஒரு வருஷம் போச்சு, உனக்கு ரெண்டு வருஷம். அதோட கணக்கு நேராயிடுச்சுன்னு நெனைச்சுக்காத."

இல்லை என்றேன்.

"உன்மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம்னு உனக்குத் தெரியாது. ஆனா நீ ஒரே ஒரு ஆளு. நீ ஒரு தடவ வாயத் திறக்கல. மேல இருக்காங்களே, இவங்க அத்தன பேரும் நாலு வருஷம் என்னப் பாத்தவங்க. ஒருத்தனாவது, இவ அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்லல. இப்ப சமோசா. இதத் திங்கறதுக்கு அந்த டியூப்லைட்டே மேல்."

இனிமேல் இங்கே வரப்போவதில்லை என்றாள். தஞ்சாவூரில் ஒரு குழு இருக்கிறதாம், ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய்வரப் போகிறாளாம். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். அடையாள அட்டை முதுகுப் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மா இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டில் எல்லாம் அழுக்காக இருக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போவாயே, ஏன் போகவில்லை என்று கேட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுப்படித் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். நசுங்கிய பாக்கெட், என் நான்கு உறை, அவள் நான்கு உறை, நடுவர் கேட்டது, நான் சொன்னது.

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அந்தப் பொண்ணு வருஷம் பூரா மாசத்துக்கு ஒருக்கா எனக்குப் போன் பண்ணிச்சு. ஆபரேஷன் அன்னிக்கும் பண்ணிச்சு. உன்னப் பத்தி ஒரு சொல் தப்பாச் சொல்லல" என்றாள்.

எனக்கு இது தெரியாது.

அம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தன் போனை எடுத்தாள். கண்ணாடியை மேலே தள்ளி எண்ணைத் தேடினாள். வேண்டாம்மா என்றேன். காதில் வைத்துக்கொண்டு, "வான்மதியா? அம்மா பேசறேன். இப்பதான் இவ எங்கிட்டச் சொன்னா. என்ன மன்னிச்சிரும்மா. நான் வளத்த பிள்ளை" என்றாள். குரல் உடையவில்லை. அந்தப் பக்கம் வான்மதி ஏதோ ரொம்ப நேரம் பேசினாள். அம்மா ம், ம் என்றாள்.

அம்மா அதைச் சொல்லிக் கேட்டபோதுதான் உறைத்தது. பிந்து மேனனுக்கு ஒன்றே முக்கால் பக்கம் எழுதினேன். நான்காம் மேசையில், கடைப் படியில், எங்கேயும் நான் வான்மதியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். "இந்தா. என் பங்குக்கு நான் மன்னிப்பு கேட்டுட்டேன். உனக்குப் பதிலா கேக்க மாட்டேன்."

வாங்கினேன். வான்மதி இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பின்னால் பஸ் சத்தமும், தஞ்சாவூர் தஞ்சாவூர் என்று கண்டக்டர் கூவுவதும் கேட்டது. சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை, சரியாகச் சொன்னேனா என்றும் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வான்மதி, "கேட்டுச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.